சொல்லிவிட்டு விழும் கெர்னல்

உலாவி போன்ற ஒரு சாதாரணச் செயலி தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டால், இயங்குதளம் அந்த நொடியே அதை நிறுத்திவிடும். நடந்ததைக் குறித்துவைக்கும். மற்றச் செயலிகள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு அந்த வசதி கிடையாது. நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வதும், வட்டிலும் வலையமைப்பிலும் எழுதுவதும் அதன் பொறுப்பு. அது தவறிழைத்தால், தவற்றைக் குறிக்க வேண்டிய நிரலும் அந்தக் குறிப்பை வட்டில் சேர்க்க வேண்டிய நிரலும் ஒன்றாகவே சாய்கின்றன. திரை உறைந்துபோகும். மறுபடி இயக்கினால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். தடயம் எதுவும் மிஞ்சியிராது.

தடயம் மிஞ்சுமா என்பது கெர்னல் விழும் நேரத்தில் முடிவாவதில்லை. அதைக் கம்பைல் செய்த அன்றே, யாரோ ஒருவர் ஒரு பட்டியலைத் திறந்து சில வசதிகளுக்கு ‘வேண்டும்’ என்றும் சிலவற்றுக்கு ‘வேண்டாம்’ என்றும் குறித்தபோதே அது முடிவாகிவிட்டது. கணினித் துறையில் இந்த வேலைக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு என்பது என் எண்ணம். கெர்னலை எழுதுவது பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. கெர்னலைத் தேர்ந்து அமைப்பது பற்றி யாரும் ஊன்றிப் பேசுவதில்லை. லினக்ஸை வைத்து அதைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். அதன் மூலநிரல் எவர் கைக்கும் எட்டும்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் ஏறக்குறைய 10,000 வரிகள் கொண்டது. இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. வீட்டு வைஃபை பெட்டியிலும் அதே மூலநிரல்தான், உலகின் முதல் 500 சூப்பர் கணினிகளிலும் அதே மூலநிரல்தான். ஆனால் எந்தக் கணினியும் அந்த 3 கோடி வரிகளையும் சுமப்பதில்லை. தனக்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதைச் சொல்லும் விருப்பத்தேர்வுகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

இந்தத் தேர்வுகளுக்கென்றே ‘கேகான்ஃபிக்’ என்ற சிறு மொழி ஒன்று உண்டு. ரோமன் சிப்பல் எழுதிய அது 2002-இல் லினக்ஸில் சேர்ந்தது. நாம் தேர்ந்தவை எல்லாம் ‘டாட் கான்ஃபிக்’ என்ற ஒரே எழுத்துக் கோப்பில் வரிவரியாகப் பதிவாகும். பல தேர்வுகளுக்கு மூன்று விடைகள் இருக்கலாம். ‘ஒய்’ என்றால் அந்தப் பகுதி கெர்னலோடு ஒட்டிப் பிறக்கும். ‘எம்’ என்றால் தனி மாட்யூலாக வட்டில் காத்திருந்து, தேவைப்படும்போது ஏறும். ‘என்’ என்றால் கிடையாது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் எந்தக் கணினியில் போய் உட்காருவோம் என்று தெரியாததால் ஆயிரக்கணக்கான டிரைவர்களை ‘எம்’ என்று வைத்து அனுப்புகின்றன.

தேர்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு வசதி இன்னொன்றைச் சார்ந்திருந்து, அந்த இன்னொன்று தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், முதல் வசதி பட்டியலில் கண்ணுக்கே தெரியாது. புதிதாகக் கற்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். புத்தகத்தில் படித்த ஒன்றைத் தேடித் தேடிக் களைத்து, தம் மூலநிரலில் அது இல்லையென்று நினைத்துவிடுகிறார்கள். சிலர் டாட் கான்ஃபிக் கோப்பைத் திறந்து கையாலேயே ஒரு வரியைச் சேர்ப்பார்கள். அடுத்த முறை ‘மேக்’ கட்டளை கொடுத்ததும், சார்பு நிறைவேறாத அந்த வரி சத்தமில்லாமல் காணாமல்போகும். ‘மெனுகான்ஃபிக்’ திரையில் சாய்கோட்டு விசையை அழுத்தி, வேண்டிய பெயரைத் தேடினால் போதும். எதைத் தேர்ந்தால் அது தெரியவரும் என்று அங்கேயே எழுதியிருக்கும்.

அந்தத் திரையில் கடைசியாக இருப்பது ‘கெர்னல் ஹேக்கிங்’ என்ற பகுதி. பிழை தேடும் ‘டிபக்’ வசதிகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விளக்கக் குறிப்பு உண்டு. பல குறிப்புகளின் முடிவில், உறுதியாகத் தெரியாவிட்டால் ‘என்’ என்று விட்டுவிடும்படி அறிவுரை இருக்கும். பயனருக்கு அது நல்ல அறிவுரைதான். ஒரு கருவியை உருவாக்கி ஊருக்கு அனுப்பப்போகிற பொறியாளருக்கு அது போதாது. அவர் ஒவ்வொன்றையும் எடைபோட்டுத்தான் ஆக வேண்டும்.

மிக மலிவானவற்றிலிருந்து தொடங்குவோம். கெர்னல் தன்னால் சமாளிக்க முடியாத தவற்றில் மாட்டும்போது ‘ஊப்ஸ்’ என்ற அறிக்கையை வெளியிடும். எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற தொடர் அதில் இருக்கும். ‘கால்சிம்ஸ்’ என்ற தேர்வு இருந்தால் அந்தத் தொடரில் ஃபங்ஷன்களின் பெயர்கள் வரும். இல்லாவிட்டால் வெறும் எண்கள்தான். பாதுகாப்புக் கருதி இப்போதைய கெர்னல்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் அமர்வதால், அந்த எண்களை மட்டும் வைத்து எதையும் கண்டுபிடிப்பது கடினம். சில நூறு கிலோபைட் மிச்சம் பிடிக்கிறோம் என்று இதை எடுத்துவிடும் சிறு கருவித் தயாரிப்பாளர்கள் உண்டு. இடம் உண்மையிலேயே இல்லாத கருவி என்றால் ஒழிய, அது தவறான சிக்கனம்.

அடுத்தது ‘டிபக் இன்ஃபோ’. ஒவ்வொரு இயந்திரக் கட்டளையும் எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்ற விவரத்தைக் கம்பைலர் சேர்த்து எழுதுவது. இதனால் கெர்னல் மெதுவாக ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. அந்த விவரம் ‘விஎம்லினக்ஸ்’ என்ற பெரிய கோப்பில் தங்கிவிடும். கணினியில் ஏறும் சுருக்கிய கோப்புக்குள் அது போவதில்லை. கம்பைல் செய்யும் கணினியில்தான் நேரமும் பல ஜிகாபைட் இடமும் செலவாகும். இதில் இன்னொரு வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பைலரின் வேகப்படுத்தும் வேலையை முற்றிலும் நிறுத்திவிட்டு லினக்ஸ் கெர்னலை உருவாக்க முடியாது. தேவையற்ற நிரலைக் கம்பைலரே நீக்கிவிடும் என்று நம்பித்தான் அதன் பல பகுதிகள் எழுதப்பட்டுள்ளன. ஆகவே டிபக்கர் வைத்து வரிவரியாக நகரும்போது வரிசை முன்னும் பின்னும் தாவும், சில மாறிகளின் மதிப்பு கிடைக்காது. இதற்கு எந்தத் தேர்விலும் மருந்தில்லை.

விலை கூடியவற்றில் முதன்மையானது ‘கேசான்’. ஆன்ட்ரே ரியாபினின் கொண்டுவந்த இது, 2015-இல் வெளியான 4.0 பதிப்பில் சேர்ந்தது. சி மொழியில் ஒரு நிரல் 40 பைட் நினைவகத்தைக் கேட்டு வாங்கிவிட்டு 41-ஆவது பைட்டில் எழுதினால் மொழி தடுக்காது. பக்கத்தில் இருக்கும் வேறொன்று கெட்டுப்போகும். அதன் விளைவு சில மணி நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளிப்படும். கெர்னல் பிழைகளில் மனிதரை மிகவும் வதைப்பது இந்த வகைதான். கேசான் ஒவ்வொரு துண்டு நினைவகத்துக்கும் வயலுக்கு வரப்பு போடுவதுபோல ஒரு தடைப்பகுதி வைக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல் ஒன்றை ஒதுக்கி, அந்த எட்டில் எத்தனை பைட்டைத் தொடலாம் என்று அதில் குறித்துவைக்கிறது. நினைவகத்தைத் தொடும் கட்டளைகளுக்கு முன்னால் அந்த நிழலைப் பார்க்கும் சோதனையைக் கம்பைலர் நுழைத்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்த நினைவகத்தை உடனே வேறொருவருக்குத் தராமல் சிறிது காலம் ஒதுக்கிவைப்பதால், கைவிட்டதை மறுபடி தொடும் பிழையும் சிக்கும்.

பிடித்ததும் அது தரும் அறிக்கையைப் படிப்பதே ஒரு கல்வி. எந்த வரி வரம்பு மீறியது, அந்த நினைவகத்தை யார் எங்கே வாங்கினார், திருப்பிக் கொடுத்திருந்தால் எங்கே கொடுத்தார் என்று மூன்று தடங்களையும் அருகருகே வைக்கும். வாரக்கணக்கில் தேட வேண்டியது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விலை? நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போகும், வேகமும் வெகுவாகக் குறையும். ஆகையால் இது சோதனைக்கூடத்தில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியது. மக்கள் கையில் இருக்கும் கருவிகளுக்கென்று 2021-இல் ‘கேஃபென்ஸ்’ என்ற மெல்லிய வடிவம் வந்தது. இயல்பான அமைப்பில் அது 100 மில்லிநொடிக்கு ஒரு முறை ஒரே ஒரு நினைவகக் கோரிக்கையைப் பிடித்து, காவலுள்ள இடத்தில் வைக்கும். அதன் மொத்த இருப்பு 2 மெகாபைட்தான். ஒரு கணினியில் அது பிழையைப் பிடிக்கும் வாய்ப்பு சொற்பம். ஆயிரக்கணக்கான கணினிகளில் நாள்கணக்கில் ஓடும்போது ஏதாவது ஒன்றில் சிக்கியே தீரும்.

பூட்டுகளைக் கண்காணிக்கும் ‘லாக்டெப்’ எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் இருக்கக் கெர்னல் பூட்டுகளைப் பயன்படுத்துகிறது. ஒரு வேலை முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொரு வேலை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்குக் காத்திருந்தால் இரண்டும் முடிவில்லாமல் நிற்கும். இந்த மோதல் ஆயிரம் முறை ஓடினாலும் நிகழாமல் போகலாம். இங்கோ மோல்னார் முன்னின்று உருவாக்கி 2006-இல் சேர்த்த லாக்டெப், மோதல் நிகழும்வரை காத்திருப்பதில்லை. எந்தப் பூட்டுக்குப் பின் எந்தப் பூட்டு பிடிக்கப்பட்டது என்ற வரிசையைக் கற்றுக்கொண்டே வருகிறது. காலையில் ஓரிடத்தில் ஒரு வரிசையும் மாலையில் வேறிடத்தில் அதற்கு நேர்மாறான வரிசையும் கண்டால், இரண்டும் சந்திக்கவே இல்லையென்றாலும் எச்சரிக்கும். வராத விபத்தை வருமுன் சொல்லும் கருவி கணினித் துறையில் அரிது. இதைப் போட்டால் ஒவ்வொரு பூட்டும் நினைவகத்தில் பல மடங்கு பெருக்கும். கெர்னலின் உள்ளமைப்புகளின் அளவே மாறிவிடும்.

இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. டிபக் வசதிகளைப் போட்ட கெர்னலும் போடாத கெர்னலும் ஒரே கெர்னல் அல்ல. ஓட்டத்தின் காலக்கணக்கு மாறுவதால், ஒன்றில் வரும் பிழை மற்றொன்றில் மறையலாம். டிபக் நிரலும் நிரல்தான். அதிலும் பிழை இருக்கலாம். 2008-இல் நடந்தது அதற்குச் சான்று.

அந்த ஆண்டு 2.6.27 பதிப்பின் சோதனை வடிவங்களைப் போட்டுப் பார்த்த சிலருடைய இன்டெல் வலையமைப்பு அட்டைகள் செத்துப்போயின. அட்டைக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் தகவல் அழிந்திருந்தது. கணினியை அணைத்துப் போட்டாலும் அட்டை மீளவில்லை. முதலில் எல்லோரும் ‘இ1000இ’ என்ற அந்த அட்டையின் டிரைவரைச் சந்தேகித்தார்கள். பல லினக்ஸ் வெளியீடுகள் தம் சோதனைப் பதிப்புகளில் அந்த டிரைவரையே முடக்கின. உண்மையான காரணம் வேறெங்கோ இருந்தது. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி அந்தப் பதிப்பில்தான் புதிதாகச் சேர்ந்திருந்த ‘எஃப்ட்ரேஸ்’ என்ற தடம் பார்க்கும் வசதி அது.

எஃப்ட்ரேஸின் யோசனை அழகானது. ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் கம்பைலர் ஓர் அழைப்பை வைக்கும். கெர்னல் ஓடும்போதே அந்த அழைப்பை அழித்து, ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடும். யாராவது தடம் பார்க்க விரும்பினால் மட்டும் மறுபடி அழைப்பாக்கும். சும்மா இருக்கும்போது செலவு ஏறத்தாழ இல்லை. அன்றைய வடிவம், மாற்ற வேண்டிய முகவரிகளை முதலில் பட்டியலிட்டுக்கொண்டு பிறகு மொத்தமாக மாற்றியது. ஒரு மாட்யூல் ஏறும்போது மட்டும் தேவைப்படும் தொடக்க நிரல் அதற்குள் விடுவிக்கப்பட்டிருந்தாலும் அதன் முகவரி பட்டியலிலேயே இருந்தது. அந்தக் காலியிடத்தில் வலையமைப்பு அட்டையின் நிரந்தர நினைவகம் வந்து பொருந்தியிருந்தது. எஃப்ட்ரேஸ் எச்சரிக்கையோடுதான் எழுதியது. எதிர்பார்த்த பழைய கட்டளை அங்கே இருந்தால் மட்டும் மாற்றும் ஒப்பீட்டுக் கட்டளையையே பயன்படுத்தியது. ஆனால் இன்டெல் பிராசசர்களில் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் படித்த மதிப்பையே திரும்ப எழுதிவைக்கும். சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. சாதனத்தின் நினைவகத்தில் எழுதுவதென்பது சாதனத்துக்கு ஆணையிடுவது. அட்டை அழிந்தது அப்படித்தான்.

2.6.27.1 பதிப்பில் அந்தத் தேர்வையே யாரும் எடுக்க முடியாதபடி முடக்கினார்கள். அடுத்த பதிப்பில் முகவரிகளைக் கம்பைல் நேரத்திலேயே சேகரிக்கும் புதிய முறை வந்தது. இன்று எஃப்ட்ரேஸ் நம்பகமான கருவி. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் அதைப் போட்டே அனுப்புகின்றன.

இதைப் படித்துவிட்டு, டிபக் எதுவும் இல்லாத கெர்னலே பாதுகாப்பு என்று முடிவு கட்டலாம். லினக்ஸுக்கு வெளியே, பூமிக்கே வெளியே நடந்த ஒன்று அந்த முடிவை மறுக்கிறது.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. அதன் கணினியில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’ இயங்குதளம். இறங்கிச் சில நாள்களில், வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய பின், கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

காரணம் இது. வானிலைத் தரவைக் கையாண்ட முன்னுரிமை குறைந்த வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை கூடிய ஒரு வேலை அதே பூட்டுக்காகக் காத்திருந்தது. அந்நேரம் நடுத்தர முன்னுரிமை கொண்ட வேலைகள் வந்து, பூட்டு வைத்திருந்த சிறியதை ஓடவிடாமல் தடுத்தன. ஆகவே பெரியதும் நின்றுபோனது. தன் சுழற்சிக்குள் வேலை முடியவில்லை என்று கண்ட மேற்பார்வை வேலை, கணினியை மறுதொடக்கம் செய்தது. இதற்கு மருந்து ஏற்கெனவே இயங்குதளத்திலேயே இருந்தது. பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன்தரும் தேர்வு அது. தாம் உருவாக்கிய பூட்டுகளில் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்தியும் இருந்தார்கள். இந்தப் பூட்டு மட்டும் இயங்குதளம் தன் உள்வேலைக்காக உருவாக்கியது. வேகம் கருதி அதில் அந்தத் தேர்வு இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது.

ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் அந்த மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்த க்ளென் ரீவ்ஸ் பின்னர் எழுதிய விளக்கத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிகழ்வுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் தடக்கருவி விண்கலத்தில் ஏறிய மென்பொருளிலும் இருந்தது. தற்செயலாக விடுபட்டு அது அங்கே தங்கவில்லை. சோதித்ததையே பறக்கவிட வேண்டும், பறப்பதையே சோதிக்க வேண்டும் என்ற கொள்கையால் வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அது சேர்க்கும் தரவு பூமிக்கு அனுப்ப முடியாத அளவு பெரியது. ஆனால் ஆய்வகத்தில் இருந்த நகலில் அதே மென்பொருளை ஒரு வரிகூட மாற்றாமல் ஓட்ட முடிந்தது. 18 மணி நேரத்துக்குள் அதே பிழை அங்கே வந்தது. பதிவைப் பார்த்ததும் காரணம் வெளிச்சமானது. அந்த ஒரு தேர்வை இயக்கும் சிறு மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். மறுதொடக்கம் நின்றது.

இறங்குவதற்கு முன்பே இந்தப் பிழை பூமியில் தலைகாட்டியிருந்தது, மறுபடி வரவழைக்க முடியாததால்தான் தப்பியது என்பதையும் ரீவ்ஸ் மறைக்கவில்லை. செவ்வாயிலிருந்து தரவு அனுப்பும் வேகம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததால் கணினிக்கு வேலை கூடி, பிழை அடிக்கடி வரத் தொடங்கியதாம்.

இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: டிபக் வசதிகளைக் கடைசி நாளில் கழற்றி எறியும் சாரமாகக் கருதக் கூடாது. எவை கருவியோடு கடைசிவரை இருக்கப்போகின்றனவோ அவற்றை முதல் நாளிலிருந்தே போட்டு, மற்ற நிரலைப் போலவே கடுமையாகச் சோதிக்க வேண்டும். கேசான், லாக்டெப் போன்ற கனமானவற்றுக்குத் தனிக் கெர்னல் வேண்டும். ஃபெடோரா இதைத்தான் செய்கிறது. வழக்கமான கெர்னலோடு, டிபக் வசதிகளை இயக்கிய இன்னொரு கெர்னலையும் தனித் தொகுப்பாகத் தருகிறது. மக்கள் கைக்குப் போகும் கெர்னலில் கால்சிம்ஸ், எஃப்ட்ரேஸ், கேஃபென்ஸ் ஆகியவை இருக்கட்டும். நினைவகம் தாராளமாக உள்ள சர்வர் என்றால் ‘கேடம்ப்’ வசதியையும் சேர்க்கலாம். முதன்மைக் கெர்னல் விழும்போது, முன்கூட்டியே ஒதுக்கிய நினைவகத்தில் காத்திருக்கும் இரண்டாவது கெர்னல் எழுந்து, முதலாவது விட்டுச்சென்ற நினைவகத்தை அப்படியே வட்டில் சேமிக்கும். 2005 முதல் லினக்ஸில் இருக்கும் இந்த ஏற்பாடு, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தடயமற்ற சாவுக்கு நேரடியான பதில்.

கற்க விரும்பும் மாணவர்களுக்குத் தனிக் கணினி தேவையில்லை. கியூஇஎம்யூ போன்ற மெய்நிகர் கணினி போதும். ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ கொடுத்து இயல்பான தேர்வுகளைப் பெறுங்கள். அதன் மேல் ‘மேக் டிபக் டாட் கான்ஃபிக்’ கொடுத்தால் கேசான், லாக்டெப் முதலிய முக்கியமான பிழைதேடும் தேர்வுகள் ஒருசேர இயங்கும். சொந்தக் கணினிக்கே கெர்னல் கட்டுவதானால் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ உதவும். அது இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குவதால் கம்பைல் நேரம் பெரிதும் குறையும். ஆனால் அந்த நேரத்தில் செருகியிராத பிரிண்டரும் யுஎஸ்பி கருவியும் பிறகு வேலை செய்யாது. எல்லாவற்றையும் செருகிவிட்டு அதைக் கொடுங்கள். பிறகு, வாங்கிய நினைவகத்துக்கு வெளியே வேண்டுமென்றே எழுதும் பத்து வரி மாட்யூல் ஒன்றை எழுதி, மெய்நிகர் கணினிக்குள் ஏற்றிப் பாருங்கள். டிபக் இல்லாத கெர்னலில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். கேசான் உள்ள கெர்னலில் அறிக்கை உடனே வரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இந்தத் தேர்வுகளின் மதிப்பை வேறு யாரும் சொல்லத் தேவையிருக்காது.

கருவிகளுக்குக் கெர்னல் கட்டி அனுப்பும் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பும் ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் விஎம்லினக்ஸ் கோப்பையும் டாட் கான்ஃபிக் கோப்பையும் பதிப்பு எண்ணோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தேர்வை மாற்றி மறுபடி கம்பைல் செய்தாலே முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். பிறகு எங்கோ ஓர் ஊரிலிருந்து வரும் ஊப்ஸ் அறிக்கையை, அதே நாளில் பிறந்த அந்த விஎம்லினக்ஸ் இல்லாமல் சரியான வரியோடு பொருத்திப் படிக்க முடியாது.